நான் எழுதாமல் விட்ட நாலு வரி

என் அம்மாவை அவளுடைய சொந்தப் பெயரில் கூப்பிட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ரேஷன் கார்டு எழுத வந்தவர் கூப்பிட்டார். ஓட்டுச் சாவடியில் கூப்பிட்டார்கள். மற்றபடி நான் பிறந்த நாளிலிருந்து தெருவுக்கும் கடைக்கும் சொந்தக்காரர்களுக்கும் அவள் என் பெயரோடு 'அம்மா' சேர்ந்தவள். இந்தக் கட்டுரையில் என் பெயரைப் போட எனக்கு மனம் வரவில்லை. அது வர வேண்டிய இடத்தில் 'இன்னார்' என்று வைத்துக்கொள்கிறேன். பெயரை எழுதாமல் விடுவது எனக்குப் புதிதல்ல.

எண்பதுகளில் முடிச்சூர் ரோட்டில் வயல்களைப் பிளாட் போட்டு விற்க ஆரம்பித்திருந்தார்கள். நம்பர் எழுதிய கல் நட்ட இடத்திலெல்லாம் வீடு எழும்பியது. அம்மா சித்தாள் வேலைக்குப் போனாள். தளம் போடும் நாளில் கலவைச் சட்டி ஆள் மாற்றி ஆள் கைக்குப் போகும்போது கைகள் ஒன்றாக நகர வேண்டும். அதற்காக அம்மா பாடுவாள். சினிமாப் பாட்டு மெட்டில் தானாக வார்த்தை போட்டுப் பாடுவாள். மேஸ்திரியின் தொப்பை வரும், சிமெண்ட் மூட்டையைக் குறைத்த வீட்டுக்காரர் வருவார். அப்பா குரோம்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தார். அவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் சத்தம் என்றால் அது அம்மாவுடையதுதான்.

ஆர்கெஸ்ட்ரா நடத்தி வந்த ஒருவர் தன் பிளாட்டைப் பார்க்க வந்த இடத்தில் அம்மா பாடியதைக் கேட்டிருக்கிறார். அவரே கீபோர்டு வாசிப்பார். நான் அவரைக் கீபோர்டு அண்ணன் என்று கூப்பிடுவேன்.

"எக்கா, மைக்குல பாடுவீங்களா?" என்று கேட்டாராம்.

"மைக்கு இன்னா கடிக்குமா?" என்றாளாம் அம்மா.

அப்படித்தான் தொடங்கியது. சினிமாப் பாட்டு பாடுவதற்குத்தான் அவளைச் சேர்த்தார்கள். கல்யாண ரிசப்ஷன், காதுகுத்து, ஆடி மாதம் முழுக்க அம்மன் கோயில் கூழ். அதோடு நிற்கவில்லை. அம்மாவுக்கு வார்த்தை போட வரும் என்று தெரிந்ததும் ஆளாளுக்கு வந்தார்கள். புதிதாகத் திறந்த ஜவுளிக்கடைக்கு ஆட்டோவில் மைக் கட்டி ஓட்டுவதற்கு ஒரு பாட்டு வேண்டும் என்றார்கள். தேர்தல் வந்தால் கட்சிப் பாட்டு. ஒரு தேர்தலில் காலையில் ஒரு கட்சிக்காரர் வந்து வாங்கிப் போன மெட்டையே சாயங்காலம் எதிர்க்கட்சிக்காரருக்கும் சின்னத்தை மாற்றிக் கொடுத்துவிட்டாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே மெட்டா? மாட்டிக்குவோம்கா" என்று கீபோர்டு அண்ணன் பதறினார்.

"ஜனங்க போடப்போறது ஒரே ஓட்டு தானே. மெட்டு மட்டும் எதுக்கு ரெண்டு?"

ஒரு பாஸ்டர், கூட்டத்தில் பாட வரச் சொன்னார். அம்மா தன் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஆட்டோ கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போய்ப் பாடினாள். பாஸ்டருக்குப் பாட்டு பிடித்திருந்தது. ஒரு வார்த்தைதான் இடித்தது. "ஆண்டவர் கீறார்னு பாடக் கூடாதும்மா. இருக்கிறார்னு பாடணும்." அம்மா யோசித்துவிட்டு, "ஏன் சார், கீறார்னா எழுந்து போயிடுவாரா?" என்று கேட்டாள். பாஸ்டர் சிரித்துவிட்டார். ஆனாலும் பாட்டில் 'இருக்கிறார்'தான் வந்தது. திரும்பி வரும்போது பொட்டை மறக்காமல் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். எனக்கு அது தலைக்கு ஏறியிருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. தெருவில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம் வரும். மணியார்டர் பாரத்தை நான் நிரப்பினால் தபால்காரர் ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே ஒவ்வோர் எழுத்தையும் வரைவது போல எழுதுவேன்.

அம்மாவுடைய பாட்டுகளுக்கும் நான்தான் எழுத்து. அவளுக்கு அது தேவையில்லை. எல்லாம் தலையில் இருக்கும். கீபோர்டு அண்ணனுக்கும் தபலாக்காரருக்கும் தாள் வேண்டும். அம்மா தரையில் உட்கார்ந்து முழங்காலைத் தட்டிக்கொண்டே வரி வரியாகச் சொல்லுவாள். நான் நாற்பது பக்க நோட்டில் எழுதுவேன். முடிந்ததும், "படி" என்பாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். மூச்சு விட வேண்டிய இடத்தில் நான் விடவில்லை என்றால் உடனே கண்ணைத் திறப்பாள். "அங்க நிறுத்து. அங்க ஒரு புள்ளி வெய்யி." நான் வைப்பேன்.

அவள் சொன்னபடி நான் எழுதினேன் என்றும் சொல்ல முடியாது. கொடம் என்பாள், குடம் என்று எழுதுவேன். வூடு என்பாள், வீடு என்று எழுதுவேன். திருப்பிப் படிக்கும்போது அவள் சொன்னபடியே படித்துவிடுவேன். தாளில் பிழை இருந்தால் அது என் பிழையாகத்தான் தெரியும் என்று எனக்குப் பயம்.

நான் ஒன்பதாவது படித்த வருஷம் தண்ணீருக்குப் பெரிய கஷ்டம். லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. காலையிலேயே தெருவில் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு ஆளுக்கொரு வேலையைப் பார்ப்பார்கள். அந்த வரிசையில் உட்கார்ந்தபடி அம்மா கட்டியது அந்தப் பாட்டு.

வருது வருதுன்னு சொல்றாங்க – கேட்டு
வாயில ஊறுது தண்ணி
கொடத்துல ஊறலியே – எங்க
கொடத்துல ஊறலியே

வரிசையில் இருந்த பெண்கள் முதல் தடவையே கூடச் சேர்ந்துவிட்டார்கள். மூன்று சரணம் வந்தது. லாரிக்காரன், கவுன்சிலர், அண்டா ரொப்பத் தெரியாத ஆம்பளை என்று ஒவ்வொன்றிலும் ஒருவர் மாட்டினார். நாலாவதாக ஒன்று வைத்தாள். அதைப் பேர் சரணம் என்பாள். எங்கள் பக்கத்தில் கானா கட்டிப் பாடுகிறவர்கள் கடைசிச் சரணத்தில் தங்கள் பேரையும் இருக்கும் இடத்தையும் வைத்துக் கட்டுவார்கள். தாளில் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் பாட்டில் போடும் கையெழுத்து அது. கானா கட்டும் ஆண்கள் அவரவர் பேரை வைப்பார்கள். அம்மா என் பேரைத்தான் வைத்தாள்.

ரொப்பி முடிச்சவ வூட்டுக்குப் போ – பாட்ட
ரோட்டுல விட்டுட்டுப் போவாதே
முடிச்சூரு ரோட்டு இன்னாரம்மா – கட்டுன
பாட்டுன்னு சொல்லிட்டுப் போ தாயே

அந்த ஆடி மாதம் கோயில் கச்சேரியில் அதைப் பாடினாள். நாலு தெரு முனையிலும் குழாய் ஸ்பீக்கர். ஒன்ஸ்மோர் கேட்டார்கள், மறுபடியும் பாடினாள். என் பெயர் நாலு தெருவுக்கும் இரண்டு தடவை கேட்டது. கூட்டத்தில் என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் அப்பா அம்மாவோடு வந்திருந்தார்கள். ஒருத்தியின் அப்பா ரயில்வேயில் இருந்தார்.

மறுநாள் நான் வகுப்புக்குள் நுழைந்ததும் பெஞ்சைத் தட்டி ஆரம்பித்தார்கள். "முடிச்சூரு ரோட்டு இன்னாரம்மா..." டீச்சர் வரும்வரை பாடினார்கள்.

"உங்கம்மா டான்ஸும் ஆடுவாங்களாடி?"

"இல்ல."

"பொய் சொல்றா. எங்கம்மா சொன்னாங்க, ஆர்கெஸ்ட்ரான்னா ஆடணும்."

அவர்கள் மோசமான பெண்கள் இல்லை. ஒரு வாரத்தில் மறந்துவிட்டார்கள். மறக்காமல் இருந்தது நான்தான். கணக்கில் முதல் மார்க் வாங்கிய நாளில் டீச்சர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோதுகூட, பின்பெஞ்சில் யாராவது அந்த மெட்டில் திருப்பிச் சொல்லிவிடுவார்களோ என்று காது அங்கேயே இருந்தது. என் பெயரை நான் பள்ளிக்கூடத்தில் சம்பாதித்திருந்தேன். அதை அம்மா ஸ்பீக்கரில் கட்டித் தெருவில் விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

சில மாதம் கழித்துக் கீபோர்டு அண்ணன் ஓடி வந்தார். கோடம்பாக்கத்தில் ஒரு கேசட் கம்பெனியில் தெம்மாங்கு, கானா என்று கலந்து ஒரு கேசட் போடுகிறார்கள், தண்ணிப் பாட்டைப் பற்றிச் சொன்னேன், தாளில் எழுதிக் கொண்டு வரச் சொன்னார்கள் என்றார். மெட்டை அவரே வாசித்துக் காட்டிவிடுவார். அம்மாவையே பாடக் கூப்பிடலாம், வேறு ஆள் பாடவும் செய்யலாம்.

"யாரு பாடுனா இன்னா? பாட்டுக்குள்ள நம்ம பேரு கீது. அது போதும்" என்றாள் அம்மா. பணம் எவ்வளவு என்று அவள் கேட்கவே இல்லை.

எனக்கு நல்ல தாளாக ஒன்று வாங்கி வந்தாள். கோடு போட்ட முழுத்தாள். நான் இடது பக்கம் மார்ஜின் விட்டு, தலைப்பைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, நீல மையில் எழுதினேன். குடம் என்றே எழுதினேன். ரொப்பு என்று வந்த இடத்தில் நிரப்பு என்று எழுதினேன். பல்லவி, மூன்று சரணம். அதற்கடியில் ஒரு கோடு போட்டேன், விடைத்தாளில் விடை முடிந்ததும் போடுகிற கோடு. கோட்டுக்குக் கீழே தாள் வெள்ளையாக இருந்தது.

ஏன் எழுதவில்லை என்பதற்கு எனக்குள் ஒரு நியாயம் வைத்திருந்தேன். விடைத்தாளில் பெயர் எழுதக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். கடிதம் எழுதும் கேள்வியில்கூட சொந்தப் பெயரும் சொந்த ஊரும் போடக் கூடாது, போட்டால் தாளே செல்லாது. பெரிய கம்பெனிக்குப் போகிற தாளில் பாட்டுக்கு நடுவே பேரும் ரோடும் இருந்தால் நாகரிகமாக இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்யும் இல்லை. ஆனால் கேசட் என்றால் நாலு தெரு இல்லை, பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கும் என்பதுதான் என் கையை நிறுத்தியது.

அம்மா பாத்திரம் கழுவிவிட்டு ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"எல்லாம் எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"படி."

படித்தேன். குடத்தைக் கொடம் என்று படித்தேன், நிரப்பை ரொப்பு என்று படித்தேன். மூன்றாவது சரணம் முடிந்தது. அம்மா கண்ணை மூடியபடி இருந்தாள். விரல் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தது. நிற்கவில்லை, அடுத்ததற்குக் காத்திருந்தது. நான் கோட்டுக்குக் கீழே வெள்ளையாக இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு பேர் சரணத்தைப் படித்தேன். நாலு வரி. மூச்சு விட வேண்டிய இடத்தில் விட்டேன். கண்ணை இடமிருந்து வலமாக நகர்த்தக்கூடச் செய்தேன். அவள்தான் கண்ணை மூடியிருந்தாளே, யாருக்காக நகர்த்தினேன் என்று தெரியவில்லை.

"சரியா கீது" என்று அம்மா தாளை வாங்கி, மடிப்பு விழாமல் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டாள்.

கேசட் வந்தது. வேறொரு பாடகி பாடியிருந்தாள். நல்ல குரல். தாம்பரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் முதலில் கேட்டது. பிறகு எங்கே போனாலும் அதுதான். மைக் செட்காரர்கள் கச்சேரிக்கு முன்னால் அதைப் போட்டுத்தான் ஸ்பீக்கரைச் சோதித்தார்கள். அம்மா என் கையைப் பிடித்து டீக்கடை வாசலில் நிறுத்தினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் நெற்றியைச் சுருக்கினாள்.

"இது இன்னா 'நெரப்பு'? நான் ரொப்புன்னு தானே வெச்சேன்?"

மூன்றாவது சரணம் முடிந்தது.

"இரு, இப்ப வரும் பாரு" என்றாள்.

தபலா கொஞ்ச நேரம் தனியாக வாசித்தது. சத்தம் மெல்லக் குறைந்து, அடுத்த பாட்டு ஆரம்பித்தது. அம்மா டீக்கடைக்காரரைப் பார்த்தாள். "அண்ணே, மெஷின் எதுனா மாட்டிக்கிச்சா?"

"இல்லக்கா, அவ்ளோதான் பாட்டு."

கேசட் அட்டையை வாங்கி என்னிடம் நீட்டினாள். பாட்டின் பெயருக்கு எதிரில் 'நாட்டுப்புறப் பாடல்' என்று அச்சடித்திருந்தது. படித்துக் காட்டினேன். அதை மட்டும் சரியாகப் படித்தேன்.

கம்பெனிக்காரன் வெட்டிவிட்டான் என்றே அம்மா நம்பினாள். கீபோர்டு அண்ணனைக் கூட வரச் சொன்னாள். "நீங்க போய்ட்டு வாங்கக்கா. எனக்கு அங்க இன்னும் நாலு வேலை நடக்கணும்" என்று நழுவிவிட்டார். அதனால் நாங்கள் இரண்டு பேர் போனோம். சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. ஆனாலும் யூனிபார்ம் போட்டுக்கொள்ளச் சொன்னாள். "படிச்ச பொண்ணு கூட வந்திருக்குன்னு தெரியட்டும்." இரட்டை ஜடை போட்டு ரிப்பன் கட்டிவிட்டாள். ரயிலில் போகும் வழியெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனில் என்று தள்ளிப்போட்டேன். கோடம்பாக்கம் வந்துவிட்டது.

மாடியில் ஒரு சின்ன அறை. அட்டைப் பெட்டி நிறையக் கேசட். மேனேஜர் எங்களை உட்காரச் சொன்னார். அம்மா உட்காரவில்லை.

"அந்தத் தண்ணிப் பாட்டு நான் கட்டுனது சார்."

"அப்படியாம்மா? போன வாரம் வியாசர்பாடியிலேருந்து ஒருத்தர் வந்தாரு. அவர் கட்டினதாம். அதுக்கு முந்தி பொன்னேரியிலேருந்து ஒரு அம்மா."

"அவங்க பேரு பாட்டுல வருதா சார்? எங்க பேரு கீது. கடைசி சரணம். நீங்க வுட்டுட்டீங்க."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். பொறுமையாக ஃபைலைத் தேடி எடுத்து, தாளை உருவி மேஜைமேல் வைத்தார். "வந்ததை வந்தபடி வெச்சிருக்கேன். நாங்க எதையும் வெட்டலை. பேர் இல்லாம வந்தா நாட்டுப்புறம்னு போடறது வழக்கம்."

அம்மா தாளைப் பார்க்கவே இல்லை. வெற்றியோடு என்னைப் பார்த்தாள். "படிச்சுக் காட்டு சாருக்கு."

சிவப்பு அடிக்கோடு. மார்ஜின். என் எழுத்து எவ்வளவு அழகாக இருந்தது என்பதும் கண்ணில் பட்டது. மூன்று சரணம், ஒரு கோடு, கீழே வெள்ளை. எனக்கு அந்த நாலு வரியும் நாக்கில் இருந்தது. ஆனால் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்குப் படிக்கத் தெரியும்.

"படிடி."

"இதுல இல்லம்மா."

"இல்லன்னா? அன்னிக்குப் படிச்சியே."

மேனேஜர் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "பாப்பா, இது யாரோட கையெழுத்து?"

"என்னோடது சார்."

"அப்போ பாட்டும் உன்னோடதா?" என்று சிரித்தார். விளையாட்டாகத்தான் கேட்டார்.

அம்மா அங்கேயே பாடினாள். பேர் சரணத்தை முழுசாக, முழுக் குரலில், மேஜை விளிம்பைத் தட்டிக்கொண்டு பாடினாள். பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். மேனேஜர் கடைசி வரை கேட்டார். "நல்லா இருக்கும்மா. ஆனா யோசிச்சுப் பாருங்க, இப்ப யார் வேணாலும் ஒரு சரணம் சேத்துப் பாடிட்டு வரலாம். நான் என்ன செய்ய?"

அவருக்கு நிஜமாகவே ஒன்றும் செய்ய முடியாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

திரும்பும் ரயிலில் பெண்கள் பெட்டியில் எதிரெதிரே இடம் கிடைத்தது. பல்லாவரம் வரை அம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு கேட்டாள்.

"அன்னிக்கு எதப் பாத்துப் படிச்ச?"

"ஒண்ணுமில்ல. வெறும் தாளப் பாத்து."

"நல்லாத்தான் படிச்ச" என்றாள்.

நான் அழுதுகொண்டே விடைத்தாள் சமாசாரத்தைச் சொன்னேன். பெயர் எழுதினால் செல்லாது என்று சொன்னேன்.

"பாட்டு இன்னா பரீட்சையா?" என்று மட்டும் கேட்டாள். சானடோரியம் தாண்டி, தாம்பரத்தில் இறங்கி, வீடு வரை வேறு எதுவும் பேசவில்லை. அடுத்த நாளும் திட்டவில்லை. திட்டுவாள் என்று நான் பல நாள் காத்திருந்தேன்.

நான் செய்யக்கூடியதையெல்லாம் செய்து பார்த்தேன். எனக்குத் தெரிந்தது எழுதுவது ஒன்றுதான். நாலு சரணத்தையும் எழுதிக் கம்பெனிக்குக் கடிதம் போட்டேன். ஒரு பத்திரிகைக்குப் போட்டேன். பதில் வரவில்லை. வந்திருந்தாலும் என்ன ஆதாரம் காட்டுவேன்? நாற்பது பக்க நோட்டில் இருந்ததும் என் கையெழுத்து, கம்பெனியில் இருந்ததும் என் கையெழுத்து. இதற்குள் தண்ணீர் வரிசைகளில் பெண்களே 'நிரப்பு' என்று பாட ஆரம்பித்திருந்தார்கள். அம்மாவின் பாட்டில் அழியாமல் நின்றுவிட்ட அடையாளம், நான் திருத்திய அந்த ஒரு வார்த்தை.

மேடையில் இன்னொரு தொல்லை வந்தது. கேசட் பாட்டு என்று ஜனங்கள் கேட்டு வாங்கினார்கள். அம்மா பேர் சரணம் வரை பாடினால் கூட்டம் அதற்கு முன்பே கைதட்டி முடித்துவிடும். அதற்குப் பிறகு அவள் பாடுவது எச்சம் மாதிரி இருக்கும். ஒருமுறை சேலையூர் கச்சேரியில் ஒருவர் மேடைக்கு வந்தே சொன்னார், "மேடம், ஒரிஜினல்ல இது கிடையாது." கீபோர்டு அண்ணனும் தயங்கித் தயங்கி, "எக்கா, மூணோட முடிச்சுக்கலாமா?" என்றார். அம்மா முறைத்தாள். அதன் பிறகும் பிடிவாதமாகப் பாடிக்கொண்டுதான் இருந்தாள்.

நான் பிளஸ் டூ முடித்த சமயம் எழுத்தறிவு வகுப்புகள் நடந்தன. ஊர் ஊராக ஜீப்பில் போய்ப் பாட ஆள் தேடினார்கள். அம்மாவைத்தான் கூப்பிட்டார்கள். அவளும் ஒரு பாட்டுக் கட்டினாள். நான் சிலேட்டும் பலப்பமும் விநியோகிக்கும் தொண்டராக அதே ஜீப்பில் போனேன். மேடவாக்கம் பக்கம் ஒரு மரத்தடியில் பாடி முடித்ததும் அதிகாரி ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்டார். அம்மா கட்டை விரலை நீட்டினாள். கூட்டத்துப் பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

"எக்கா, எங்கள படிக்கச் சொல்லிட்டு நீ இன்னா மையத் தேடற?"

அம்மா மறுபடி மைக்கை வாங்கினாள். "அதுக்குத்தாம்மா சொல்றேன், படிச்சுக்குங்க. இல்லாட்டி பெத்த பொண்ணு படிச்சுக் காட்டறதக்கூட நம்பித்தான் ஆவணும்."

எல்லோரும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். நான் ஜீப்பின் பின்பக்கம் சிலேட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா என் பக்கம் திரும்பவில்லை. அத்தனை வருஷத்தில் அவள் அதைப் பற்றிச் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான். அன்று வீட்டுக்கு வந்து அவளுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறேன் என்றேன். "இனிமே எதுக்கு? இன்னா எழுதப்போறேன்?" என்றாள்.

பிறகு டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து கிண்டியில் ஓர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆளும் நான்தான். ஆபீசில் அம்மாவைப் பற்றிச் சொன்னதில்லை. மறைக்கவும் இல்லை, யாரும் கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

போன வருஷம் ஆபீஸ் தோழி ஒருத்தியின் கல்யாண ரிசப்ஷன் குரோம்பேட்டையில் நடந்தது. மண்டபத்துக்குள் நுழைந்ததும் மேடையில் கீபோர்டு அண்ணனைப் பார்த்தேன். அம்மா பட்டுப் புடவையில் மைக் முன்னால் நின்றிருந்தாள். கச்சேரி எங்கே என்று நானும் கேட்டிருக்கவில்லை, கல்யாணம் யாருக்கு என்று அவளும் கேட்டிருக்கவில்லை. என்னோடு ஆபீசிலிருந்து ஆறேழு பேர் வந்திருந்தார்கள். முதல் இரண்டு வரிசையில் உட்கார்ந்தோம். அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"அடுத்ததாக, கேசட்டில் வந்து கலக்கிய நாட்டுப்புறப் பாடல்" என்று அறிவித்தார்கள்.

அப்போது எனக்கு என்ன தோன்றியதோ, பக்கத்தில் இருந்த இன்னொரு தோழியிடம், "கடைசிச் சரணத்தைக் கவனிங்க. கேசட்ல இல்லாதது. அதுல ஒரு பேரு வரும்" என்றேன். அவள் தன் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். வரிசை முழுக்க அந்தச் செய்தி போனது. என் பெயர் ஸ்பீக்கரில் வரட்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாகக் காத்திருந்தேன்.

அம்மா நன்றாகப் பாடினாள். வயசு குரலில் கொஞ்சம் மணலைச் சேர்த்திருந்தது, அது அந்தப் பாட்டுக்குப் பொருந்தியது. முதல் சரணம், இரண்டாவது, மூன்றாவது. மூன்றாவது முடியும்போது கீபோர்டு அண்ணன் அவளைப் பார்த்தார். அம்மா எங்கள் வரிசையை ஒரு தரம் பார்த்துவிட்டு, இடது கையைத் தாழ்த்தி, முடித்துவிடலாம் என்று சைகை காட்டினாள்.

கை தட்டினார்கள். "பேரே வரலையே?" என்று தோழி கேட்டாள்.

சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில் பாட்டுக்காரர்களுக்குக் காபி வைத்திருந்தார்கள். அங்கே அம்மாவைப் பிடித்தேன்.

"ஏம்மா பேர் சரணம் பாடல?"

"ஒங்க ஆபீஸ்காரங்கள்லாம் உக்காந்துகினு இருந்தாங்களே." காபியை ஆற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "நாளைக்கு அவங்க உன்ன இன்னானா சொன்னா? பள்ளிக்கூடத்துல சொன்னாமாரி."

பள்ளிக்கூடத்தில் சொன்னதை நான் அவளிடம் ஒருநாளும் சொல்லவில்லை. ரயிலில்கூடச் சொல்லவில்லை.

"நான் அவங்ககிட்ட சொல்லிட்டேம்மா, ஒரு பேரு வரும்னு."

அம்மா டம்ளரை வாயிலிருந்து எடுத்தாள். "அப்பிடியா? தெரியாமப் போச்சே கண்ணு" என்றாள். அவள் வேறு ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் மேடையிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு டூயட் பாக்கி இருந்தது. புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு போனாள்.

நான் மறுபடி வந்து உட்கார்ந்தேன். தோழி என் பக்கம் சாய்ந்து, "போய்ப் பேசிட்டு வந்தீங்களே, தெரிஞ்சவங்களா?" என்று கேட்டாள்.

"எங்கம்மா" என்றேன்.

"அய்யோ, சொல்லவே இல்லையே!" அவளுக்கு நிஜமாகவே சந்தோஷம். என் கையை அழுத்தினாள். "எவ்ளோ நல்லா பாடறாங்க! அந்தப் பாட்ட அப்படியே கேசட்ல வர்ற மாதிரியே பாடினாங்க, இல்ல?"

"ஆமா" என்றேன்.